டாங்கி வந்த சாலை: பழைய படை புதிய ஆயுதத்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சிலிம் ரிவர் பட்டணத்திலிருந்து வடக்கே துரோலாக்கை நோக்கிப் போகும் பழைய சாலையின் இருபுறமும் இன்று செம்பனை. என் பாட்டி சிறுமியாக இருந்தபோது அங்கே நின்றவை பால்மரங்கள், அதாவது கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்கள். 1942 ஜனவரி 7ஆம் தேதி விடிவதற்கு வெகுநேரம் முன்பே தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துத் தகரக் கூரை கிடுகிடுத்ததையும், பெரியவர்கள் பிள்ளைகளைக் கால்வாய்க்குள் இறக்கிப் படுக்கவைத்ததையும் அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்போதெல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்: "துரைமாரிடம் பீரங்கி இருந்தது, லாரி இருந்தது, பட்டாளம் பட்டாளமாக ஆள் இருந்தது. பிறகு எப்படி ஒரே காலையில் எல்லாம் போனது?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். ட்ரோன்கள் போரையே மாற்றிவிட்டன என்று இப்போது நாள்தோறும் செய்தி வருகிறது. எந்த நாடு எத்தனை வாங்கியது என்ற கணக்கும் கூடவே வருகிறது. பணம் இருந்தால் யாரும் வாங்கலாம். பல தலைமுறைப் பழக்கத்தில் ஊறிய ஒரு படை, புதிய கருவி கைக்கு வந்த பிறகு எதை மாற்றிக்கொள்கிறது, எதை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் கிடக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்ச் சாலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவிலும், தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி கரைகளிலும் இறங்கிய ஜப்பானியர்கள், மேற்குக் கரையில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் 11ஆவது இந்திய டிவிஷனை ஜித்ராவிலிருந்து கம்பார் வரை தள்ளிக்கொண்டே வந்தார்கள். கம்பாரையும் விட்டுப் பின்வாங்கிய அந்த டிவிஷன், துரோலாக்குக்கும் சிலிம் ஆற்றுக்கும் நடுவில் நின்று மூச்சுவிட முயன்றது. முன்வரிசையில் 12ஆவது பிரிகேட். அதில் ஹைதராபாத், பஞ்சாப் பட்டாளங்களும் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பட்டாளமும். பின்னால் 28ஆவது கூர்க்கா பிரிகேட். ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. பகலில் தலைக்கு மேல் ஜப்பானிய விமானங்கள் வட்டமிட்டதால் இரவில்தான் குழி தோண்ட முடிந்தது.

அதிகாலை மூன்றரை மணியளவில் நிலவு வெளிச்சத்தில் ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியே நேராக வந்தன. எண்ணிக்கை இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில்தான். முன்னால் பொறியாளர்கள் இறங்கித் தடைகளை அகற்ற, டாங்கிகள் சுட்டுக்கொண்டே நகர்ந்தன. ஹைதராபாத் பட்டாளத்தின் வரிசை சீக்கிரமே உடைந்தது. அடுத்திருந்த பஞ்சாப் பட்டாளம் கண்ணிவெடிகளால் முதல் டாங்கிகளை நிறுத்திக் கடுமையாகப் போரிட்டது. அந்த இடத்தில்தான் சாலையே காட்டிக்கொடுத்தது. அதற்குமுன் சாலையை நேராக்கியபோது வெட்டிவிட்ட பழைய வளைவுகள் பால்மரங்களுக்குள் அப்படியே கிடந்தன. டாங்கிகள் அந்தக் கைவிடப்பட்ட துண்டுகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போய், மறித்து நின்றவர்களின் முதுகுப்பக்கம் ஏறின.

அதன் பிறகு நடந்ததைப் போர் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. முன்னால் அறுந்த தொலைபேசிக் கம்பியால் பின்னால் இருந்தவர்களுக்குச் செய்தி போகவில்லை. குளூனி தோட்டத்தருகே ஒரு கூர்க்கா பட்டாளம் வரிசையாகச் சாலையில் நடந்து போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து கேட்ட எஞ்சின் ஓசை எதிரியுடையது என்று அவர்கள் அறியும் முன்பே இயந்திரத் துப்பாக்கி சுடத் தொடங்கிவிட்டது. சிலிம் ஆற்றுப் பாலத்தில் இருந்தவை விமானங்களைச் சுடும் பீரங்கிகள். அவற்றின் குண்டுகள் டாங்கியின் இரும்பில் பட்டுத் தெறித்தன. பாலத்துக்கு வெடி வைத்துத் தயாராகத்தான் இருந்தது. வத்தனாபே என்ற ஜப்பானிய லெப்டினன்ட் டாங்கியிலிருந்து குதித்து, வெடிக் கம்பியைத் தன் வாளாலேயே வெட்டினார். பாலத்தைத் தாண்டிப் போன டாங்கிகளை ஒரு 4.5 அங்குலப் பீரங்கியின் குழுவினர் மிக நெருக்கத்தில் வைத்துச் சுட்டு ஒருவழியாக நிறுத்தினார்கள். அதற்குள் அவை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வந்துவிட்டிருந்தன. இரண்டு பிரிகேடுகள் சிதைந்தன. சுமார் 3,200 பேர் சிறைப்பட்டார்கள். நான்கே நாளில், ஜனவரி 11 அன்று, கோலாலம்பூர் விழுந்தது.

அந்த நாளில் மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இல்லை. டாங்கியை முதன்முதலில் போர்க்களத்துக்குக் கொண்டுவந்ததே பிரிட்டன்தான், 1916 செப்டம்பரில் பிரான்சின் சோம் ஆற்றங்கரையில். மலாயா டாங்கிக்கு ஏற்ற நிலம் அல்ல என்று மேலிடத்தில் முடிவு கட்டியிருந்தார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பாகத்தான் இருக்கும். கித்தாத் தோட்டம் காடு கிடையாது. மரங்கள் நூல் பிடித்தாற்போல் வரிசையில் நிற்கும். அடியில் புல்லைக்கூட விடாமல் சுத்தம் செய்வார்கள். ஆலைக்குப் பால் கொண்டுபோக லாரிப் பாதை இருக்கும். ஒரு டாங்கி மறைந்து நிற்கவும் வளைந்து போகவும் இதைவிட வசதியான இடம் வேண்டுமா? இதை ஒரு பால்வெட்டுக்காரரிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். பச்சையாகத் தெரிந்ததையெல்லாம் காடு என்று எடுத்துக்கொண்ட கணக்குக்கு எத்தனை உயிர்கள் பலியாயின என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆர்கைல் பட்டாளத்தின் கதை இன்னும் வருத்தமானது. போருக்கு முன்பே மலாயாக் காட்டுக்குள் புகுந்து, நடந்து, பதுங்கிப் பயிற்சி எடுத்த அரிதான பட்டாளம் அது. காட்டுப் போருக்கு அவர்கள் தயார். சாலையில் இரவில் வரும் டாங்கிக்கு யாரும் அவர்களைத் தயார்ப்படுத்தவில்லை.

ஜப்பானியப் படை நவீனமானது, பிரிட்டிஷ் இந்தியப் படை பழமையானது என்று சொல்லி முடித்துவிட முடியாது. ஜப்பானியப் படையும் பழமையில் ஊறியதுதான். வாளும் மன உறுதியும் இயந்திரத்தை வெல்லும் என்று சிப்பாய்க்குக் கற்றுக்கொடுத்த படை அது. 1939இல் மங்கோலிய எல்லையில் நொமொன்ஹானில் சோவியத் டாங்கிகளிடம் அடிவாங்கியும் அந்த நம்பிக்கையை அது விடவில்லை. மலாயாவில் அது பெரிதும் நம்பியது சைக்கிளை. நம் வெயிலில் டயர் வெடித்தால் ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். அந்தக் கரகர ஓசையே இருட்டில் டாங்கி என்று நினைக்கவைத்தது.

ஆனால் துரோலாக்கில் ஒரு சிறிய காரியம் நடந்தது. டாங்கிக் கம்பெனியை நடத்திய மேஜர் ஷிமாடா, காலாட்படை முன்னே போய்த் தடைகளை உடைத்த பிறகே டாங்கி போக வேண்டும் என்ற வழக்கத்தை மாற்றக் கேட்டார். இரவில், சாலை வழியே, டாங்கிகளே முன்னால் போகட்டும் என்றார். அவருக்கு மேலே இருந்தவர் காலாட்படை ரெஜிமென்ட் தளபதி கர்னல் ஆண்டோ. அவர் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். டாங்கிகள் புதியவை அல்ல. சில வாரங்களாக அதே சாலையில்தான் வந்துகொண்டிருந்தன. அந்த இரவில் புதிதாக இருந்தது, கருவியை அறிந்த இளையவரின் பேச்சை மூத்தவர் கேட்டது மட்டுமே. படை புதிய ஆயுதத்துக்குப் பழகுவது என்பதன் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இதைத் தோட்டத்துப் பேச்சில் சொன்னால் எளிதாக விளங்கும். விடிகாலைப் பெரட்டு (வேலைக்கு முன் எல்லாரும் வரிசையில் நிற்பது) நினைவிருப்பவர்களுக்கு அந்த ஒழுங்கு தெரியும். துரை எழுத்தரான கிராணியிடம் சொல்வார், கிராணி கங்காணியிடம் சொல்வார், கங்காணி வரிசையில் நிற்பவர்களிடம் சொல்வார். பெரட்டு என்ற சொல்லே பட்டாளத்துப் பெரேடிலிருந்து வந்ததுதான். வரிசையில் நிற்பவர் மரத்தை முப்பது ஆண்டுகளாகத் தொட்டுப் பழகியவராக இருப்பார். இந்த மரத்தில் இன்று வெட்டினால் பட்டை கெடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவு மேலே ஏறுவதற்குப் படி கிடையாது. மேலிருந்து கீழே வருவதற்கு மட்டும்தான் படி.

பிரிட்டிஷ் இந்தியப் படையில் இந்தப் படிக்கட்டை வேண்டுமென்றே ஒருவழியாகக் கட்டினார்கள். 1857 எழுச்சிக்குப் பிறகு, மலைப் பீரங்கிகள் நீங்கலாக மற்றப் பீரங்கிகளை இந்தியச் சிப்பாய்களிடம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். பல ஆண்டுகள் பிரிட்டிஷ் சிப்பாய் புதிய துப்பாக்கியை எடுத்துக்கொள்ள, ஒரு தலைமுறை பழையது இந்தியச் சிப்பாய்க்கு வந்து சேர்ந்தது. இந்தியர்கள் இயக்கும் களப் பீரங்கிப் பிரிவு ஒன்றை அமைக்க 1935 வரை ஆயிற்று. அதை பெங்களூரில் அமைத்தார்கள். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஒருவனை நம்பாமல் வைத்திருந்துவிட்டு, போர் வந்ததும் நவீன ஆயுதத்தோடு நில் என்றால் அவன் எங்கே போவான்? தோல்விக்குக் காரணமாகப் போர் நூல்கள் பயிற்சிக் குறைவைச் சொல்கின்றன, அதுவும் உண்மைதான். 1939இல் சுமார் 2 லட்சம் பேர் கொண்டிருந்த படை 1945இல் 25 லட்சமாக வீங்கியது. புதிய பட்டாளங்களை அமைப்பதற்காகப் பழையவற்றிலிருந்து அனுபவமுள்ள சுபேதார்களையும் நாயக்குகளையும் (சிப்பாய்களுக்கு நேர் மேலே இருந்த இந்தியத் தலைவர்களை) உருவி எடுத்தார்கள். மலாயாவுக்கு வந்த பட்டாளங்களில் நிறையப் பேர் மீசை சரியாக முளைக்காத பையன்கள். துரோலாக் சாலையில் நின்றவர்களில் பலர் மலாயாப் போருக்கு முன் ஒரு டாங்கியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பயிற்சிக் குறைவுக்கும் அடியில் கிடந்தது அந்த நம்பிக்கையின்மைதான்.

நம்பாமல் ஒதுக்கியவர்களில் நம்மவர்களும் உண்டு. தென்னிந்தியர்கள் போர்க்குலம் அல்லர் என்ற கொள்கையால் மதராஸ் காலாட்படைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1920களின் முடிவில் அந்த வரிசையே இல்லாமல் போனது. போர் வந்து ஆள் தேவைப்பட்டபோதுதான் மதராஸ் ரெஜிமென்டை மீண்டும் எழுப்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் மிஞ்சி நின்றது பெங்களூரில் இருந்த மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படை. அந்தப் படையின் வீரர்களை இந்திய ராணுவத்தில் இன்றும் ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறார்கள். அந்தப் படையில்தான் 1912இல் பெங்களூர் டார்பிடோ பிறந்தது: குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்து, ஒன்றோடு ஒன்று மாட்டி நீளமாக்கி, முள்வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கவைக்கும் கருவி. 1944 ஜூனில் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கர்கள் முள்வேலியை உடைத்தது இதனால்தான். போருக்கு ஏற்றவர்கள் அல்லர் என்று ஒதுக்கிய மண்ணிலிருந்து உலகப் படைகள் எல்லாம் எடுத்துக்கொண்ட ஆயுதம் ஒன்று வந்தது என்பதைத் தமிழன் என்ற முறையில் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

குதிரைப்படையின் மாற்றம் வேறு வகை. முதல் உலகப் போர் வரை இந்தியக் குதிரைப்படைகள் பலவற்றில் சிப்பாயே தன் குதிரையோடு வந்து சேர வேண்டும், அல்லது அதற்கான பணத்தைக் கட்ட வேண்டும். குதிரை அவனுடைய சொத்து, குடும்பத்தின் கௌரவம். அப்படிப்பட்டவனிடம் குதிரையை விட்டுவிட்டு எஞ்சின் எண்ணெயில் கை வை என்று 1938இல் சொல்லத் தொடங்கினார்கள். எப்படி ஏற்றுக்கொண்டான் என்பதற்கான விடை பெயர்களில் இருக்கிறது. குதிரையை எடுத்தார்கள், பெயரைத் தொடவில்லை. டாங்கிப் படையின் சாதாரணச் சிப்பாய் இன்றும் ‘சவார்’, அதாவது குதிரை ஏறுபவன். அவனுக்கு மேலே தஃபேதார், ரிசால்தார். ரெஜிமென்டின் பெயரில் இன்னும் குதிரை நிற்கிறது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது போன்ற காரியம்தான் இது. பழைய பெயர் தந்த துணிச்சலில் புதிய வேலையை அவன் கற்றுக்கொண்டான். மரபு எப்போதும் மாற்றத்துக்குப் பகை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிலிம் ரிவருக்குப் பின் கற்றுக்கொள்வது எவ்வளவு வேகமாக நடந்தது, எவ்வளவு தயக்கத்தோடு நடந்தது என்பதற்கு ஜொகூரில் சாட்சி இருக்கிறது. பதினொரே நாள் கழித்து, ஜனவரி 18 அன்று, மூவாருக்குப் பக்கத்தில் பக்ரியில், இதேபோல் சாலையில் வரிசையாக வந்த ஜப்பானிய இலகு டாங்கிகளை ஆஸ்திரேலியர்கள் இரண்டு சிறிய டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளால் அடித்து நொறுக்கினார்கள். எரிந்த டாங்கிகள் சாலையில் நிற்கும் புகைப்படம் பலரும் பார்த்ததுதான். அங்கிருந்த ஆஸ்திரேலியப் பட்டாலியன் தளபதிக்கு அந்தப் பீரங்கிகள் தன் வரிசையில் இருப்பதில் முதலில் விருப்பமே இல்லை. காலாட்படையே போதும் என்று நினைத்தார். பீரங்கியை நடத்திய இளம் அதிகாரி விடாப்பிடியாக நின்றதால்தான் அது அங்கே இருந்தது.

முழுமையான பாடம் பர்மாப் போர்முனையில் வந்தது. 1944 ஏப்ரல் 13 அன்று, இம்பாலுக்கு வடக்கே நுன்ஷிகும் என்ற மலை. சமவெளியிலிருந்து ஏறக்குறைய 1,000 அடி உயரம், டாங்கி ஏறவே முடியாது என்று எண்ணத்தக்க செங்குத்து. டோக்ரா காலாட்படையோடு லீ டாங்கிகள் அதில் ஏறின. உச்சியில் வழி பார்ப்பதற்காக டாங்கியின் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டிய அதிகாரிகள் ஒவ்வொருவராகச் சுடப்பட்டார்கள். கடைசியில் டாங்கிப் பிரிவிலும் காலாட்படையிலும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரிகூட நிற்கவில்லை. பழைய ஒழுங்குப்படி தாக்குதல் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஒரு சார்ஜென்ட் மேஜரும் டோக்ரா சுபேதார்களும் தங்களுக்குள் திட்டம் போட்டார்கள். டாங்கிகள் பதுங்குகுழி வாயிலுக்கே போய்ச் சுட, டோக்ராக்கள் மலையைப் பிடித்தார்கள். மேலிருந்து உத்தரவு சொல்ல ஆள் இல்லாத அந்த நேரத்தில் அந்தப் படை தானே யோசித்தது. எண்பது ஆண்டுகளாக யோசிக்க வேண்டாம் என்று சொல்லி வளர்த்த படை.

1945 மார்ச்சில் பர்மாவின் மெய்க்டிலாவில் எல்லாம் தலைகீழானது. 1942இல் சிட்டாங் ஆற்றில் சிதறி ஓடிய அதே 17ஆவது இந்திய டிவிஷன், ஷெர்மன் டாங்கிகளோடு ஜப்பானியர்களின் முதுகுப்பக்கம் போய் அந்த ஊரைப் பிடித்தது. டாங்கிகளை ஓட்டியவர்களில் ராயல் டெக்கான் ஹார்ஸ் என்ற பழைய குதிரைப்படையின் சவார்களும் இருந்தார்கள். எதிரே ஜப்பானியர்களிடம் டாங்கியை எதிர்க்கும் ஆயுதம் போதவில்லை. சிப்பாய்கள் குழிக்குள் விமானக் குண்டை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். டாங்கி மேலே வரும்போது கல்லால் தட்டி வெடிக்கவைக்க வேண்டும் என்பது கட்டளை. துரோலாக் சாலையில் ஒரு மேஜரின் பேச்சைக் கேட்ட படைதான் இது. வெற்றிக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டது. கருவி தீர்ந்ததும் மனித உடலையே கருவியாக்கியது. அந்தக் குழிக்குள் இருந்த பையன்களை நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது.

இன்றைய செய்திகளை இந்தக் கண்ணோடு படித்தால் எண்ணிக்கையைவிட ஏற்பாடுகள் கண்ணில் படும். 2022இல் தொடங்கிய உக்ரைன் போரில், சில நூறு டாலர் ட்ரோன் பல லட்சம் டாலர் டாங்கியை அழித்தது. டாங்கியின் தலைக்கு மேல் இரும்புக் கூண்டு கட்டி ஓட்டுகிறார்கள். அதைவிட முக்கியமானது, 2024இல் உக்ரைன் ஆளில்லாக் கருவிகளுக்கென்றே தனிப் படைப்பிரிவை அமைத்தது. ட்ரோன் ஓட்டுபவரின் சொல்லுக்கு மேசையில் இடம் கிடைத்தது என்பது அதன் பொருள். 2025இல் இந்திய ராணுவம் காலாட்படைப் பட்டாலியன்களில் ட்ரோன் பிளாட்டூன்களை அமைப்பதாக அறிவித்தது. அந்தப் பிளாட்டூனில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாயக் ஒருவர், தான் காண்பதை வைத்துப் பீரங்கியை நேரடியாக அழைக்க முடியுமா, அல்லது ஐந்து பேரைக் கேட்க வேண்டுமா? நான் அறிய விரும்புவது அதைத்தான்.

நம் மலேசியப் படைக்கும் இந்தக் கேள்வி உண்டு. 1933இல் போர்ட் டிக்சனில் 25 இளைஞர்களோடு தொடங்கிய மலாய் ரெஜிமென்டும், 1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களுக்கு எதிராக நீடித்த அவசரகாலமும் வளர்த்தெடுத்த படை இது. காட்டுக்குள் சிறு குழுக்களாக நடந்து பழகிய காலாட்படை அதன் உயிர். போலந்திலிருந்து வாங்கிய 48 பெண்டேகர் டாங்கிகள் 2007 முதல்தான் வந்தன. அவை நிற்பது கிம்மாஸில். 1942 ஜனவரி நடுவில் ஜப்பானிய டாங்கிகளை ஆஸ்திரேலியர்கள் தடுத்து அடித்ததும் அந்த ஊர்ப் பக்கம்தான்.

போன மாதம் துரோலாக் பக்கம் ஒரு தோட்டத்தில், இலை தின்னும் புழுவுக்கு ட்ரோனில் மருந்து அடிப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். ஓட்டியவர் இருபத்து நான்கு வயதுத் தம்பி. அவருடைய தாத்தா அதே மண்ணில் பால் வெட்டியவர். காலையில் பெரட்டு இப்போதும் உண்டு. மேற்பார்வையாளரான மண்டோர் எந்த வரிசை என்று எண்ணைச் சொல்கிறார். "காற்று திரும்பினால் நிறுத்தலாமா என்று முதலில் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்கச் சொன்னார்கள், அண்ணே. நான் பேசி முடிப்பதற்குள் மருந்து கால்வாய்ப் பக்கம் போய்விடும்" என்றார். மூன்று மாதம் அப்படியே நடந்ததாம். பிறகு மண்டோரே மேலே போய்ப் பேசி, நிறுத்துவதா வேண்டாமா என்பதை ஓட்டுபவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று வாங்கி வந்திருக்கிறார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஓலைகள் எதிர்ப்பக்கம் சாயத் தொடங்கின. தம்பி அண்ணாந்து பார்த்தார், விரலை அசைத்து ட்ரோனைத் திருப்பி இறக்கினார், பேட்டரியைக் கழற்றினார். இன்னும் நான்கு வரிசை மீதி இருந்தது. சாலையோரம் நின்ற மண்டோர் எதுவும் கேட்கவில்லை. நாளைக்கு என்று தன் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டார்.